வேலையில் சேர்ந்த திகதி எழுத்தில் இருக்கட்டும்: முதல் வேலைக்குப் போன மகளின் தாயாருக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. உயர் தொழில்நுட்பவியல் நிறுவனத்தில் கணக்கியல் டிப்ளோமாவை முடித்த உங்கள் மகள், யாழ் நகரில் ஒரு மொத்த விற்பனை நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பெப்ரவரி மாதம் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதங்களாகியும், அவரிடம் நியமனக் கடிதம் இல்லை என்றும், 40,000 ரூபா சம்பளம் என்று பேசிவிட்டு "ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) கழித்தது" என்று சொல்லி 32,000 ரூபாவையே கையில் கொடுக்கிறார்கள் என்றும், டிப்ளோமாச் சான்றிதழின் மூலப் பிரதி முதலாளியின் அலமாரியில் இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். முதலாளி உங்கள் ஊரவர், தெரிந்தவர் ஒருவர் சொல்லிக் கிடைத்த வேலை, ஏதும் கேட்டால் முகம் முறிந்துவிடுமோ என்ற பயமும் உங்களுக்கு இருக்கிறது. பிள்ளையை வேலையிலிருந்து நிறுத்திவிடுவதா, பொறுத்துக்கொண்டு போகச் சொல்வதா என்பதே உங்கள் கேள்வி.

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். நிறுத்திவிட்டால் அந்த எட்டு மாத அனுபவத்துக்கும் அந்தப் பணத்துக்கும் கையில் எந்த அத்தாட்சியும் இருக்காது. பொறுத்துக்கொண்டு போனால் நாளுக்கு நாள் இழப்புக் கூடும். முதலில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: உங்கள் மகள் எந்தத் திகதியில் வேலையில் சேர்ந்தார் என்பதை நிறுவனம் எழுத்தில் தர வேண்டும். இலங்கையில் ஒரு தனியார் துறை ஊழியருக்குச் சட்டம் தரும் லீவு, சேமலாப நிதி, வேலை நீக்கத்துக்கு எதிரான பாதுகாப்பு, பணிக்கொடை (பல ஆண்டு சேவைக்குப் பின் விலகும்போது கிடைக்கும் பணம்) ஆகிய எல்லாமே அந்த ஒரு திகதியிலிருந்துதான் கணக்கிடப்படுகின்றன.

கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்பவர்களுக்கு 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் பொருந்தும். பதவி, சம்பளம், வேலை நேரம், லீவு போன்ற விபரங்களை ஊழியர் வேலைக்குச் சேரும்போதே எழுத்தில் கொடுக்க வேண்டியது தொழில்தருநரின், அதாவது முதலாளியின், கடமை என்று அந்தச் சட்டம் சொல்கிறது. ஆகவே நியமனக் கடிதம் கேட்பது முதலாளி மீது நம்பிக்கையில்லை என்று காட்டுவதாகாது. அவர் எட்டு மாதங்களுக்கு முன்பே கொடுத்திருக்க வேண்டிய ஒன்றை உங்கள் மகள் இப்போது நினைவூட்டுகிறார், அவ்வளவுதான். தெரிந்தவர் என்ற உறவு இந்த இடத்தில் தடையாக நிற்கத் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து.

"இன்னும் புரொபேஷன் முடியவில்லை, முடிந்த பிறகு கடிதம் தருவோம்" என்று சொன்னதாக எழுதியிருந்தீர்கள். நம்முடைய பக்கத்தில் இது மிகவும் பரவலாகக் கேட்கும் பதில். புரொபேஷன் என்பது தகுதிகாண் காலம். தகுதிகாண் காலத்தில் ஒருவருடைய வேலை திருப்தியாக இல்லையென்று தொழில்தருநர் நேர்மையாகக் கருதினால், நிரந்தர ஊழியரை நிறுத்துவதைவிட இலகுவாக அவரை நிறுத்தலாம் என்பது உண்மை. ஆனால் சம்பளம், வேலை நேரம், லீவு, சேமலாப நிதி என்பவற்றில் தகுதிகாண் ஊழியர், தற்காலிக ஊழியர், நிரந்தர ஊழியர் என்ற பாகுபாட்டுக்கு இடமில்லை. 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதியச் சட்டத்தின்படி முதல் நாள் வேலையிலிருந்தே பங்களிப்புச் செலுத்தப்பட வேண்டும். இன்னொரு வழக்கத்தையும் கவனியுங்கள். தகுதிகாண் காலம் முடிந்த பின் கொடுக்கும் கடிதத்தில் அன்றைய திகதியையே நியமனத் திகதியாகப் போட்டுவிடுகிறார்கள். பெப்ரவரியில் சேர்ந்த பிள்ளை அக்டோபரில் சேர்ந்தவராகிவிடுவார். அப்படி ஆனால் அடுத்த ஆண்டில் 14 நாள் வருடாந்த லீவு கிடைக்க வேண்டிய இடத்தில் 4 நாள்தான் கிடைக்கும், ஏனென்றால் முதல் ஆண்டின் எந்தக் காலாண்டில் ஒருவர் சேர்ந்தார் என்பதை வைத்தே இரண்டாம் ஆண்டின் வருடாந்த லீவு தீர்மானிக்கப்படுகிறது.

இனிச் சம்பளத்தைப் பார்ப்போம், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது அதுதான். சேமலாப நிதிக்கு ஊழியரின் சம்பளத்திலிருந்து கழிக்கக்கூடியது 8 வீதம் மாத்திரமே. தொழில்தருநர் தம் பணத்திலிருந்து மேலும் 12 வீதம் சேர்த்து, மொத்தம் 20 வீதத்தைச் செலுத்த வேண்டும். உங்கள் மகளின் 40,000 ரூபாவில் 8 வீதம் 3,200 ரூபா. அதைக் கழித்தால் 36,800 ரூபா கையில் வர வேண்டும். முதலாளியின் பங்கான 4,800 ரூபா அவருடைய செலவு. இங்கே 8,000 ரூபா கழிக்கப்பட்டிருப்பதைப் பார்த்தால், முதலாளியின் பங்கையும் பிள்ளையின் சம்பளத்திலிருந்தே எடுத்திருக்கிறார்கள் என்பது தெளிவு. அது சட்டத்துக்கு முரணானது. மாதம் 4,800 ரூபா வீதம் எட்டு மாதங்களுக்கு 38,400 ரூபா அவருக்குத் திரும்பி வர வேண்டிய பணம். இதைவிட 1980 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு 3 வீதம், அதாவது 1,200 ரூபா, முழுக்க முழுக்கத் தொழில்தருநரே கட்ட வேண்டியது. அதில் ஒரு சதமும் ஊழியரிடமிருந்து கழிக்கப்படக் கூடாது.

கழித்த பணம் உண்மையில் கட்டப்பட்டதா என்பது அடுத்த கேள்வி. சேமலாப நிதியில் பதிந்திருந்தால் உங்கள் மகளுக்கு ஓர் அங்கத்துவ இலக்கம் இருக்கும். நிதியின் கணக்குகளை மத்திய வங்கி பராமரிக்கிறது, பதிவையும் அமுலாக்கலையும் தொழில் திணைக்களம் பார்க்கிறது. அங்கத்துவ இலக்கம் என்னவென்று பிள்ளை கேட்கும்போது உடனே பதில் வராவிட்டால், பெரும்பாலும் பதியவே இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்துக்கான பங்களிப்பு அடுத்த மாத முடிவுக்குள் கட்டப்பட வேண்டும், தாமதித்தால் காலத்துக்கேற்ப 5 வீதத்திலிருந்து 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் ஏறும். அதைத் தொழில்தருநரே செலுத்த வேண்டியிருப்பதால், இப்போது கேட்பது அவருக்கும் நன்மை.

சம்பளப் பட்டியலில் பிள்ளை எந்தத் தொகைக்குக் கையொப்பமிடுகிறார் என்பதையும் விசாரியுங்கள். 40,000 என்று எழுதிய இடத்தில் கையொப்பம் வாங்கிவிட்டு 32,000 கொடுப்பதும், அடிப்படைச் சம்பளத்தைச் சிறிதாகக் காட்டி மிகுதியை நிலையான கொடுப்பனவு என்று பிரித்து, அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும் சேமலாப நிதி கட்டுவதும் நடப்பவை. நிலையான கொடுப்பனவுகளும் சேமலாப நிதிக் கணக்கில் சேர வேண்டும். மேலதிக நேரக் கொடுப்பனவு சேராது.

வேலை நேரம் காலை 8.30 இலிருந்து மாலை 6.30 வரை, நடுவில் ஒரு மணித்தியாலச் சாப்பாட்டு இடைவேளை, சனிக்கிழமையும் முழுநாள் என்றீர்கள். அப்படியானால் நாளுக்கு 9 மணித்தியாலம், கிழமைக்கு 54. சட்டம் சாப்பாட்டு நேரம் தவிர்த்து நாளுக்கு 8, கிழமைக்கு 45 மணித்தியாலங்களையே வழமையான வேலை நேரமாக ஏற்கிறது. மேலதிக நேரம் கிழமைக்கு 12 மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது, அதற்குச் சாதாரண வீதத்தின் ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். 40,000 ரூபாவை 240 ஆல் (30 நாள், நாளுக்கு 8 மணித்தியாலம்) பிரித்தால் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 167 ரூபா, ஒன்றரை மடங்கு 250 ரூபா. கிழமைக்கு 9 மணித்தியாலத்துக்கு 2,250 ரூபா வர வேண்டும். அதைவிடக் கிழமைக்கு ஒன்றரை நாள் சம்பளத்துடனான விடுமுறை உண்டு, எனவே ஞாயிறுடன் இன்னொரு அரைநாளும் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டும். முதல் ஆண்டில் இரண்டு மாதங்களுக்கு ஒரு நாள் வீதம் கசுவல் லீவும், தைப்பொங்கல் போன்ற சட்டபூர்வ விடுமுறை நாள்களும் சம்பளத்துடன் உண்டு.

மேலதிக நேரப் பணத்தை நான் முதற் கோரிக்கையாக வைக்கச் சொல்ல மாட்டேன். அதற்கு வரவுப் பதிவு வேண்டும். இன்றிலிருந்தே ஒரு கொப்பியில் வந்த நேரம், போன நேரம், அன்று செய்த முக்கிய வேலை ஆகியவற்றைப் பிள்ளை எழுதிக்கொண்டு வரட்டும். "இண்டைக்கு ஏழு மணியாகும்" என்று மேலாளர் அனுப்பும் வட்சப் செய்திகளை அழிக்காமல் வைத்திருக்கட்டும். நிறுவனத்தின் கணக்குப் புத்தகங்களையோ வாடிக்கையாளர் விபரங்களையோ படம் எடுக்கக் கூடாது, அது பிள்ளையின் நியாயத்தைப் பாழாக்கிவிடும்.

கேட்பது எப்படி? நீங்களோ தெரிந்த அந்த நபரோ போய்க் கதைக்க வேண்டாம். பிள்ளை வளர்ந்தவர், வேலை செய்பவர் அவர், அவரே ஒரு சிறு கடிதம் எழுதி ஒரு பிரதியைத் தம்மிடம் வைத்துக்கொள்ளட்டும். மின்னஞ்சலில் அனுப்பினாலும் போதும். இந்த அளவு எழுதலாம்:

"மதிப்புக்குரிய ஐயா, நான் கடந்த பெப்ரவரி 10 ஆம் திகதி முதல் தங்கள் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணியாற்றி வருகின்றேன். எனது மேற்படிப்பு விண்ணப்பத்துக்கும் வங்கித் தேவைகளுக்கும் நியமனக் கடிதம் தேவைப்படுகின்றது. நான் பணியில் சேர்ந்த திகதியைக் குறிப்பிட்டு நியமனக் கடிதத்தையும், எனது ஊழியர் சேமலாப நிதி அங்கத்துவ இலக்கத்தையும், மாதாந்தச் சம்பளச் சீட்டையும் தந்துதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கின்றேன். சரிபார்ப்பதற்காக ஒப்படைத்த எனது டிப்ளோமாச் சான்றிதழின் மூலப் பிரதியைப் பெற்றுக்கொண்டு, உறுதிப்படுத்திய பிரதியைக் கையளிக்கவும் விரும்புகின்றேன்."

இதில் குற்றச்சாட்டு ஒன்றும் இல்லை, ஆனால் சேர்ந்த திகதி எழுத்தில் ஏறிவிட்டது. பின்னால் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் இந்தக் கடிதம்தான் முதலில் பேசும். 38,400 ரூபா பற்றிய பேச்சை, சம்பளச் சீட்டு கைக்கு வந்த பிறகு எடுப்பது நல்லது.

கேட்டதற்காக வேலையிலிருந்து நிறுத்திவிட்டால் என்ன செய்வது என்று கலங்கியிருக்கிறீர்கள். அந்த நிறுவனத்தில் பதினெட்டுப் பேர் வேலை செய்வதாக எழுதியிருந்தீர்கள். 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், 12 மாதங்களுக்குள் 180 நாள்களாவது வேலை செய்த ஒருவரை ஒழுக்காற்றுக் காரணமின்றி நிறுத்துவதற்கு, அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதியோ வேண்டும் என்று 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம் விதிக்கிறது. எட்டு மாதம் வேலை செய்த உங்கள் மகள் அந்த எல்லையைத் தாண்டிவிட்டார், ஆனால் அதை நிரூபிக்கவும் அதே சேர்ந்த திகதிதான் தேவைப்படும். சிறிய கடைகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாவிட்டாலும், நியாயமற்ற வேலை நீக்கத்துக்கு எதிராக 1950 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தின் கீழ்த் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்கலாம். நிறுத்தப்பட்ட நாளிலிருந்து 6 மாதங்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். சமாதானமாகப் பேசித் தீர்ப்போம் என்று சொல்லிச் சொல்லியே அந்தக் காலம் கடந்துபோன குடும்பங்கள் உண்டு. பேச்சு நடக்கட்டும், விண்ணப்பமும் நேரத்துக்குப் போகட்டும்.

ஒன்றில் மட்டும் மிகக் கண்டிப்பாக இருங்கள். திகதி போடாத ராஜினாமாக் கடிதத்திலோ வெற்றுத் தாளிலோ பிள்ளை கையொப்பமிடக் கூடாது. தாமாக விலகினார் என்று ஒரு தாள் இருந்தால், மேலே சொன்ன பாதுகாப்புகளில் பெரும்பாலானவை கைவிட்டுப் போகும்.

பணிக்கொடை உங்களுக்கு இப்போது அவசரமான விடயமன்று. ஐந்து ஆண்டுகள் சேவை முடித்தவருக்கு ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம் வீதம் கிடைக்கும். குறைந்தபட்சச் சம்பளமும் அப்படித்தான். 2025 இல் திருத்தப்பட்ட சட்டப்படி 2026 ஜனவரி முதல் அது மாதம் 30,000 ரூபா, உங்கள் மகளின் சம்பளம் அதற்கு மேல். ஆனால் பக்கத்துக் கடையில் அதைவிடக் குறைவாக வாங்கும் பிள்ளைகளை நீங்கள் அறிந்திருந்தால் இதை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

நீங்கள் எழுதத் தயங்கி இறுதியில் ஒரு வரியில் கேட்டிருந்ததற்கும் பதில் சொல்கிறேன். வேலைத்தலத்தில் சொல்லாலோ செயலாலோ பாலியல் தொந்தரவு செய்வது தண்டனைச் சட்டக் கோவையின் 345 ஆம் பிரிவின்படி குற்றம், 5 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். அது நடந்தால் நியமனக் கடிதம் வரும்வரை காத்திருக்கச் சொல்ல மாட்டேன். பிள்ளை அன்றே உங்களிடம் சொல்லலாம் என்ற துணிவு அவருக்கு வர வேண்டும். "நீ என்ன செய்தாய்" என்ற கேள்வி உங்கள் வாயிலிருந்து வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பொலிஸ் நிலையத்தின் சிறுவர் மற்றும் பெண்கள் பிரிவில் முறையிடலாம்.

கடிதம் கொடுத்து இரண்டு மூன்று கிழமைகளாகியும் பதில் இல்லையென்றால், யாழ்ப்பாணத்திலுள்ள தொழில் திணைக்கள அலுவலகத்துக்குப் பிள்ளை நேரில் போகட்டும். தேசிய அடையாள அட்டை, கொடுத்த கடிதத்தின் பிரதி, வங்கியில் சம்பளம் வைப்பிட்ட பதிவு இருந்தால் அது, நேரக் கொப்பி, நிறுவனத்தின் சரியான பெயரும் முகவரியும் ஆகியவற்றைக் கொண்டுபோனால் போதும். முறைப்பாட்டைத் தமிழில் எழுதலாம். உடன் வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் இதே கழிவு நடந்தால் சேர்ந்து முறையிடுவது நல்லது, அப்போது ஒருவர் மேல் மட்டும் கோபம் திரும்பாது. சட்டத்தரணி தேவைப்பட்டுச் செலவுக்கு வழியில்லை என்றால், சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகம் வருமானம் குறைந்தவர்களுக்கு உதவுகிறது.

பெரும்பாலும் அந்த அளவுக்குப் போகாமல் நியமனக் கடிதம் கிடைத்துவிடும். கிடைத்தால் அங்கேயே கையொப்பமிட வேண்டாம், வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிக்க ஒரு நாள் அவகாசம் கேட்கச் சொல்லுங்கள். சேர்ந்த திகதி பெப்ரவரி 10 என்று இருக்கிறதா, சம்பளம் 40,000 என்று முழுதாக எழுதியிருக்கிறதா, இடையில் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்று ஏதாவது நிபந்தனை சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் ஏதும் இருந்தால் கையொப்பமிடுவதற்கு முன் அதன் பிரதியை எனக்கு அனுப்புங்கள்.