அலகு தட்டாத ஆந்தை

அன்புள்ள ஐயா,
மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். ஒரு மாதத்துக்கு முன் சவுக்கு மரம் வெட்டியபோது ஆந்தைக் குஞ்சொன்று விழுந்தது. பாலில் நனைத்த பாணும் கோழி இறைச்சியும் கொடுத்து வளர்க்கிறோம். முதலில் கிட்டப் போனாலே அலகை டக் டக்கென்று தட்டி மிரட்டும். இப்போது அதெல்லாம் இல்லை, மகள் கை தட்டினால் தத்திப் பறந்து தோளில் உட்காருகிறது. ஆந்தை வீட்டுக்கு ஆகாது என்கிறார் அம்மா, உண்மையா? எந்த மாதத்தில் பறக்கவிடலாம்?

அன்புள்ள தம்பி,

அம்மா சொல்வதை விடுங்கள். ஆந்தை கத்தினால் சாவு என்றால் எங்கள் தோட்டத்தில் ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள்.

பாணும் பாலும் இன்றோடு நிற்கட்டும். வெறும் இறைச்சியும் போதாது, எலியை மயிரும் எலும்புமாக முழுசாக விழுங்கினால்தான் எலும்பு வலுக்கும். மருந்து தின்று செத்த எலியைக் கொடுத்துவிடாதீர்கள். செரிக்காததை உருண்டையாகக் கக்கும். சின்ன வயதில் அப்படி ஒன்றைக் குச்சியால் பிரித்து, பல்லோடு இருந்த எலித்தாடையைத் தீப்பெட்டிக்குள் வைத்திருந்தேன்.

சரி, அந்த ஒரு வரிக்கு வருகிறேன். அலகு தட்டுவது நின்றுவிட்டது என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறீர்கள், படித்ததும் எனக்கு வயிறு கலங்கியது. மனுசனிடமிருந்து தப்ப அதனிடம் இருந்ததே அந்தப் பயம்தான். பறக்கத் தெரியுமுன்பே ஆந்தைக் குஞ்சு கூட்டை விட்டுக் கிளைக்கு வந்துவிடும், தாயும் தகப்பனும் தேடி வந்து ஊட்டும். காயம் இல்லாத குஞ்சென்றால் அன்றைக்கே ஒரு கூடையில் வைத்துப் பக்கத்து மரத்தில் கட்டியிருக்கலாம், இருட்டியதும் தாய் குரல் கேட்டு வந்திருக்கும். கை பட்டால் தாய் சேர்க்காது என்பதெல்லாம் கதை. அது அநாதையாக விழவில்லை தம்பி, நீங்கள் ஆக்கினீர்கள், அதுவும் ஒரு ஆசிரியர்!

உடவளவை யானைக் காப்பகத்தில் 1995 முதல் தாயில்லாத யானைக்குட்டிகளை வளர்க்கிறார்கள். பால் கொடுப்பதோடு சரி, பார்க்கப் போகிறவர்களைத் தூரத்தில் நிறுத்திவிடுவார்கள், கொஞ்ச விடுவதில்லை, காட்டுக்குப் போக வேண்டிய குட்டிகள் அவை. ஆந்தைக் குஞ்சுக்கு முகத்தை மறைத்துக்கொண்டு, ஆந்தைத் தலை மாதிரிச் செய்த கைப்பொம்மையால் ஊட்டுவதும் இதற்குத்தான்.

எங்கள் சித்தப்பா லயத்தில், அதுதான் தோட்டத்து வரிசை வீட்டில், ஆந்தை ஒன்றை வளர்த்தார். பால்மா டின்னில் கரண்டியால் தட்டினால் வரும். பறக்கவிட்ட பிறகும் வந்தது. ஒரு ராத்திரி மேல் லயத்தில் யாரோ எதற்கோ தகரம் தட்ட, அங்கே போய் இறங்கிவிட்டது. அந்த வீட்டில் ஒரு கிழவி காய்ச்சலில் படுத்திருந்தாள். விறகுக்கட்டையால் அடித்திருக்கிறார்கள். விடிந்து பார்த்தால் தண்ணீர் ஓடும் கானுக்குள் ஒரு சிறகு மட்டும் விரிந்தபடி கிடந்தது. சித்தப்பா அன்றைக்குக் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பிரட்டுக்குப் போகவில்லை.

எந்த மாதம் என்று கேட்டீர்கள். உயிருள்ள எலியை இருட்டில் தானே பிடிக்கிற வரைக்கும் விடக்கூடாது, அதற்குப் பெரிய கூண்டும் விஷயம் தெரிந்தவர்களும் வேண்டும். வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு நாளைக்கே சொல்லிவிடுங்கள். அதுவரை ஆள் நடமாட்டம் இல்லாத அறையில் இருக்கட்டும். மகளைக் கை தட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். அழுவாள், அழட்டும்.