குழாய்க்கு இரண்டு ஆங்கிலப் பெயர், எதைப் படிப்பது?

ஒரு புத்தகத்தில் ‘டேப்’, இன்னொன்றில் ‘ஃபாசெட்’ என்று இருக்கிறது, எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் சரிதான். முன்னது பிரிட்டிஷ் வழக்கு, பின்னது அமெரிக்க வழக்கு. துணி அலமாரியும் அப்படித்தான்: பிரிட்டனில் ‘வார்ட்ரோப்’, அமெரிக்காவில் சுவரோடு சேர்ந்த ‘கிளாசெட்’. இதிலெல்லாம் பெயர் மாறினாலும் கேட்பவருக்குப் புரிந்துவிடும், கவலை வேண்டாம்.

மாடி எண்ணில்தான் மாட்டிக்கொள்வீர்கள். பிரிட்டிஷ் வழக்கில் தரைத்தளம் ‘கிரவுண்ட் ஃப்ளோர்’, அதற்கு மேலே இருப்பதே ‘ஃபர்ஸ்ட் ஃப்ளோர்’. அமெரிக்காவிலோ பெரும்பாலும் தரைத்தளத்தையே ‘ஃபர்ஸ்ட் ஃப்ளோர்’ என்பார்கள். முகவரி கேட்டு ஒரு மாடி கூடுதலாக ஏறி, முன்பின் தெரியாதவர் கதவைத் தட்ட வேண்டியதுதான்! அமெரிக்கர் வீட்டில் கழிப்பறை எங்கே என்று கேட்க ‘பாத்ரூம்’ போதும். ‘டாய்லெட்’ என்றால் அவர்கள் நினைப்பது அறையை அல்ல, அந்தப் பீங்கானை.

நீங்கள் யாரோடு அதிகம் பேசப்போகிறீர்களோ அவர்கள் வழக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். அகர வரிசைப் பட்டியலை மனப்பாடம் செய்வது, என்னைக் கேட்டால், வீண் வேலை. பொருளின் பெயரை அதனோடு வரும் வினைச்சொல்லோடு சேர்த்துப் படியுங்கள். ‘மேக் த பெட்’ என்றால் கட்டில் செய்வதல்ல, படுக்கையை ஒழுங்குபடுத்துவது. ‘டிரா த கர்ட்டன்ஸ்’ என்றால் திரைச்சீலையை இழுத்துவிடுவது, பென்சிலை எடுத்துவிடாதீர்கள்.