ஊர்ப் பணியும் படைவீரர் நினைவும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: போர்களில் உயிர்நீத்த எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஊரணிக் கரையில் ஒரு நினைவுத் தூண் எழுப்ப இளைஞர்கள் சேர்ந்து முடிவு செய்திருக்கிறோம். நன்கொடையும் சேர்ந்துவிட்டது. யார் யார் பெயரைப் பொறிப்பது என்பதில்தான் தெளிவில்லை. எங்கிருந்து தொடங்குவது?
– ஒரு வாசகர், கானாடுகாத்தான்

பதில்: தூண் வேலையைச் சில மாதங்கள் தள்ளி வைத்துவிட்டு, பெயர்களைத் தேடுங்கள். முதல் உலகப் போர் முடிந்த பின் ஆங்கில அரசு நம் நாட்டின் பல ஊர்களில் பதித்த கல்வெட்டுகள், இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போருக்குச் சென்றனர், அவர்களில் இத்தனை பேர் இறந்தனர் என்று எண்ணிக்கையை எழுதியதோடு நின்றுவிட்டன. இறந்தவர் யாருடைய மகன் என்பதற்கு அவற்றில் இடமில்லை. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, ஆநிரை மீட்கப் போய் விழுந்த ஓர் எளிய வீரனுக்கு நம் முன்னோர் நட்ட நடுகல்லில், அவன் பெயரும், எந்த மன்னன் ஆட்சியில் எந்தப் பூசலில் பட்டான் என்பதும் இருந்தன. உங்கள் தூண் நடுகல்லின் வழியில் அமைய வேண்டும் என்பது என் ஆசை.

விடுதலைக்குப் பிந்தைய போர்களில் உயிர்நீத்தவர்களைப் பற்றிச் சிவகங்கையில் உள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் முதலில் விசாரியுங்கள். டெல்லியில் 2019 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகத்தில் 25,000-க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அதனோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு உலகப் போர்களுக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையப் பதிவேடு இருக்கிறது. அதில் பல இந்திய வீரர்களின் தந்தை பெயரும் சொந்த ஊரும்கூடக் கிடைக்கும். ஆனால் சிவகங்கை தனி மாவட்டமானது 1985-இல்தான் என்பதால், பழைய பதிவுகளில் நம் ஊர்களை ராம்நாட் மாவட்டத்தின் கீழ் தேட வேண்டும். ஊர்ப் பெயரின் ஆங்கில எழுத்துகளையும் பலவாறு மாற்றிப் பார்க்க வேண்டும். பர்மாப் போர்முனையில் இறந்து, உடல் கிடைக்காமல் போனவர்கள் ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்கள் ரங்கூனுக்கு அருகே டாக்கியான் கல்லறைத் தோட்டத்தின் நினைவுச் சின்னத்தில் உள்ளன. அவையும் அதே பதிவேட்டில் அடங்கும்.

வீடுகளில் கேட்கும்போது, பெட்டகத்தில் பழைய பதக்கம் ஏதேனும் இருந்தால் அதன் விளிம்பை உற்றுப் பாருங்கள். படை எண்ணும் பெயரும் பெரும்பாலும் அங்கே பொறிக்கப்பட்டிருக்கும், அந்த எண் கிடைத்துவிட்டால் மற்றவற்றைத் தேடுவது எளிதாகிவிடும். துப்பாக்கி ஏந்தியவரை மட்டும் கணக்கில் எடுக்காதீர்கள்; படைக்குச் சமைத்தவர், வண்டி ஓட்டியவர், தொழிலாளர் படையில் சுமை தூக்கியவர் ஆகியோரும் போர்முனையில்தான் இறந்தார்கள். சாதிப் பட்டம் எதையும் பொறிக்க வேண்டாம் என்பதை முதல் கூட்டத்திலேயே தீர்மானித்துவிடுங்கள், பிறகு பேசுவது கடினம்.

இடத்தைப் பொறுத்தவரை, ஊரணிக் கரை நீர்நிலைப் புறம்போக்கு ஆகும், அங்கே கட்டுமானம் கூடாது. பள்ளியின் முகப்பிலோ உள்ளாட்சி அலுவலகத்திலோ முறைப்படி அனுமதி பெற்று ஒரு கற்பலகை வைப்பதே நல்லது. ஊரணிக்குச் செய்ய விரும்பினால், மழைக்கு முன் அதன் வரத்துக்காலைத் தூர்வாரிக் கொடுங்கள்.

கேள்வி: எங்கள் தெருவில் படைவீரர் ஒருவரின் மனைவி தனியாக வாழ்கிறார். எழுபதைக் கடந்தவர், யாரிடமும் எதையும் கேட்க மாட்டார். அவர் மனம் புண்படாமல் எப்படி உதவுவது?
– ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: பொன்னாடை போர்த்திப் படம் எடுக்காமல், மாதம் ஒரு முறை, “ஆச்சி, பேங்குப் பக்கம் போகிறேன், உங்களுக்கு ஏதும் வேலை இருக்கிறதா?” என்று கேளுங்கள். போகிற வழியில் செய்கிற வேலையை மறுக்க அவருக்குக் காரணம் இராது.

அவருக்கு மிகவும் தேவைப்படக்கூடியது ஆண்டுதோறும் தர வேண்டிய வாழ்நாள் சான்றாகும். அது தவறினால் குடும்ப ஓய்வூதியம் நின்றுபோகும். ஆதார் வழியாக, கைபேசியில் முகத்தைக் காட்டியே இப்போது அதைப் பதிவு செய்யலாம் என்றாலும், தனித்து வாழும் முதியவருக்கு அது மலைப்பான வேலை. அடுத்த சிக்கல் பெயர். கணவரின் படை ஆவணத்தில் ஒரு விதமாகவும், ஆதாரில் தலைப்பெழுத்து விரிந்து இன்னொரு விதமாகவும், வங்கிப் புத்தகத்தில் மூன்றாவது விதமாகவும் எழுதப்பட்டிருப்பது தமிழ்க் குடும்பங்களில் மிகவும் சாதாரணம். முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு அவரோடு ஒரு நாள் போய் இதைச் சரிசெய்யும் வழியைக் கேட்டுவந்தால், அவர் காலத்துக்கும் நிம்மதியாக இருப்பார். அசல் ஆவணங்களை உங்களிடம் வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். ஓடிபி வந்தால் அவரையே படிக்கச் சொல்லி அவர் கையாலேயே பதியச் செய்யுங்கள். வேறு யார் கேட்டாலும் சொல்லக் கூடாது என்பதையும் பழக்கிவிடுங்கள்.

கேள்வி: நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களை ஆண்டுதோறும் மருது சகோதரர்களின் நினைவிடத்துக்கு அழைத்துச் செல்கிறேன். மாலை அணிவித்துத் திரும்புவதைத் தாண்டி என்ன செய்யலாம்?
– ஓர் ஆசிரியர், காரைக்குடி

பதில்: 1801 அக்டோபர் 24 அன்று அவர்கள் தூக்கிலிடப்பட்ட திருப்பத்தூருக்குப் போகுமுன், ஆங்கிலேயருக்கு எதிராக எழுமாறு மக்களை அழைத்து அதே ஆண்டு ஜூனில் சின்ன மருது வெளியிட்ட திருச்சிராப்பள்ளி அறிவிப்பை மாணவர்கள் வகுப்பில் உரக்கப் படிக்கட்டும். அவருடைய மகன் துரைச்சாமி உள்ளிட்ட பலர் நாடு கடத்தப்பட்ட பினாங்குக்குத்தான், பின்னாளில் நம் வட்டகைக்காரர்கள், அதாவது செட்டிநாட்டு ஊர்க்காரர்கள், கொண்டுவிக்க (வணிகம் செய்ய) போனார்கள் என்பதையும் சொல்லுங்கள். நம் காலத்து வீரர்களும் தொலைவில் இல்லை. 2020 ஜூன் 15 அன்று சீன எல்லையை ஒட்டிய கல்வானில் உயிர்நீத்து வீர் சக்ரா விருது பெற்ற ஹவில்தார் பழனி, நமக்கு அண்டையில் உள்ள திருவாடானை வட்டத்தின் கடுக்கலூரைச் சேர்ந்தவர். திட்டத்தில் ஒரு மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் பணியாற்ற வேண்டியிருக்கிறது. அதில் ஒரு பகுதியை, ஊரில் உள்ள முன்னாள் படைவீரர்களின் நினைவுகளை அவர்கள் இசைவோடு ஒலிப்பதிவு செய்து எழுதி வைக்க ஒதுக்கினால், நாளை கானாடுகாத்தான் வாசகரைப் போன்றவர்கள் பெயர் தெரியாமல் திண்டாட மாட்டார்கள்.

கேள்வி: என் தாத்தா மலாயாவில் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர். அவர் பெயரும் ஊர்ப் பலகையில் இடம்பெறலாமா?
– ஒரு வாசகர், பள்ளத்தூர்

பதில்: கட்டாயம் இடம்பெற வேண்டும். அந்தப் படையில் உயிர்நீத்தோருக்காகச் சிங்கப்பூர்க் கடற்கரையில் நேதாஜி 1945 ஜூலையில் அடிக்கல் நாட்டிய நினைவுச் சின்னத்தை, திரும்பி வந்த ஆங்கிலேயர் சில மாதங்களிலேயே தகர்த்தார்கள். அப்படி அழிக்கப்பட்ட நினைவை ஊர்ப் பலகையிலாவது மீட்பது நம் கடமை. உங்கள் தாத்தா தியாகி ஓய்வூதியம் பெற்றவர் என்றால், ஆணையின் நகல் வீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். டெல்லியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்திலும் அந்தப் படை தொடர்பான கோப்புகள் உண்டு. எழுதும்போது அவர் மலாயாவில் வாழ்ந்த ஊரையும், சேர்ந்த ஆண்டையும், தெரிந்தால் படைப்பிரிவையும் குறிப்பிடுங்கள்.