பல் கேள்வி பதில்: மாமியார் காத்திருக்கச் சொல்கிறார், நான் காத்திருக்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது, தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு. மேல் முன்பல் ஒன்று கீழ்ப்பல்லுக்குப் பின்னால் போய் மாட்டிக்கொள்கிறது. பள்ளிக்கு வந்த பல் டாக்டர், கழற்றி மாட்டுகிற பிளேட் போடலாம் என்றார். என் மாமியாரோ எல்லாப் பல்லும் விழுந்து முளைத்தால் தானாக நேராகிவிடும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– ஒரு தாய், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம்

பதில்: சகோதரி, மாமியார் சொல்வது சில விஷயங்களுக்குப் பொருந்தும். இந்த வயதில் மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே சந்து விட்டிருந்தால் நானும் பொறுத்திருங்கள் என்றுதான் சொல்வேன், பதினொன்று பன்னிரண்டு வயதில் கோரைப்பல் இறங்கும்போது பெரும்பாலும் அது மூடிக்கொள்ளும். ஆனால் மேல்பல் கீழ்ப்பல்லுக்குப் பின்னால் பூட்டிக்கொண்டால் கதை வேறு. பிள்ளை வாயை மூடும் ஒவ்வொரு தடவையும் கீழ்ப்பல் அதை உள்ளேயே அடைத்து வைக்கிறது, அப்புறம் எப்படி அது தானாக வெளியே வரும்?

இன்று ராத்திரி பல் தேய்த்து முடித்ததும் கைப்பேசி விளக்கை அடித்து அந்தக் கீழ்ப்பல்லின் ஈறைப் பாருங்கள். பக்கத்துப் பல்லைவிட அங்கே ஈறு கீழே இறங்கி, பல் நீளமாகத் தெரிகிறதா? தெரிந்தால் மேல்பல் அதை முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம், தாமதிக்கவே வேண்டாம். இன்னொன்றும் பாருங்கள். நாக்கு நுனியை மேல் அண்ணத்தில் மடக்கி வைத்துக்கொண்டு மெதுவாகக் கடிக்கச் சொல்லுங்கள். முன்பற்கள் முதலில் நுனிக்கு நுனி தொட்டு, பிறகு தாடை முன்னால் நழுவினால் அதை டாக்டரிடம் சொல்ல மறக்காதீர்கள். பல் மட்டும் கோணலா, கீழ்த்தாடையே முன்னால் வளர்கிறதா என்று பிரித்துப் பார்க்க அவருக்கு அது உதவும். தாடைதான் காரணம் என்றால் இந்தச் சின்ன பிளேட் போதாது.

பல் மட்டும்தான் என்றால், இது அழகாகச் சரியாகக்கூடிய கோளாறு. அண்ணத்தோடு ஒட்டி உட்காரும் அக்ரிலிக் தகடு, கடைவாய்ப்பற்களைப் பிடிக்கக் கம்பிக் கொக்கி, உள்ளே போன பல்லுக்குப் பின்னால் இசட் வடிவத்தில் மடித்த மெல்லிய ஸ்பிரிங், அவ்வளவுதான். பின்பற்களின் மேலும் அக்ரிலிக்கைக் கொஞ்சம் உயர்த்தியிருப்பார்கள், அதனால் வாயை மூடினாலும் முன்பற்கள் மோதாது, மேல்பல் தாண்டி வர வழி கிடைக்கும். மாதம் ஒரு தடவை போல டாக்டர் ஸ்பிரிங்கை முடுக்கிவிடுவார். மாதத்துக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் நகரும், ஆகவே சில மாத வேலை. பல் தாண்டி வந்து கீழ்ப்பல்லின் மேல் நன்றாகப் படிந்துவிட்டால், இதுவரை அதை அடைத்து வைத்த அதே கீழ்ப்பல் இனி அதை உள்ளே போகவிடாமல் காவல் காக்கும்.

சாப்பிடும்போதும் போட்டிருக்கச் சொன்னால் அப்படியே செய்யுங்கள். பல் தேய்க்கும்போது கழற்றி, பிரஷ்ஷும் சோப்பும் போட்டுப் பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள். வெந்நீர் பட்டால் தகடு நெளிந்துவிடும்.

கேள்வி: பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) பழக்கமான ஒருவர் வீட்டுக்கே வந்து மலிவாகப் பல் கிளிப் (பல்லை நேராக்கும் கம்பி) போட்டுவிடுகிறாராம். போடலாமா?
– வாசகர், பீடோர்

பதில்: வேண்டவே வேண்டாம். பதிவு பெறாதவர் பல் வைத்தியம் பார்ப்பது மலேசியாவின் 2018 பல் மருத்துவச் சட்டப்படி குற்றம், 300,000 ரிங்கிட் வரை அபராதம், ஆறாண்டு வரை சிறை. எலும்புக்குள் பல்லின் வேர் எப்படி இருக்கிறது என்றே தெரியாத ஒருவர் அதை இழுக்கிறார், கெட்டுப்போவது உங்கள் பிள்ளையின் பல். அரசாங்கப் பல் கிளினிக்கில் காட்டி நிபுணருக்குக் கடிதம் வாங்குங்கள். காத்திருக்க வேண்டியிருந்தாலும் அதுதான் வழி.

கேள்வி: பதினொரு வயது மகனுக்கு மேல்பல் துருத்தியிருந்ததால் டுவின் பிளாக் (மேலுக்கும் கீழுக்கும் கழற்றி மாட்டுகிற இரட்டை பிளேட்) போட்டிருக்கிறோம். பேச்சு குழறுகிறது, பள்ளிக்குப் போனதும் கழற்றிப் பையில் போட்டுவிடுகிறான். அடுத்த மாதம் திருக்குறள் ஒப்புவிக்கும் போட்டி வேறு.
– ஒரு தகப்பனார், தாப்பா

பதில்: ஐயா, அவன் மேல் கோபப்படாதீர்கள். வாய்க்குள் மேலும் கீழுமாக இரண்டு கட்டைகளை வைத்துக்கொண்டு எச்சிலை விழுங்கிக்கொண்டே நண்பர்களிடம் பேசுவது சுலபமில்லை. ஸ்காட்லாந்தின் டாக்டர் வில்லியம் கிளார்க் 1977இல் இதை முதன்முதலில் போட்டுவிட்டது, கீழே விழுந்து மேல் முன்பல்லில் அடிபட்ட ஒரு சிறுவனுக்கு. துருத்திய பல்லுக்கு அந்த ஆபத்து எப்போதும் உண்டு, இதை அவனிடம் சொல்லுங்கள். சுமார் 70 பாகைச் சரிவில் இரண்டு கட்டைகளும் ஒன்றோடொன்று முட்டி, கீழ்த்தாடையை முன்னால் நிறுத்துகின்றன. உடம்பு வளரும் காலத்தில்தான் இது நன்றாக வேலை செய்யும், அதுவும் வாயில் இருந்தால் மட்டுமே.

தினமும் மாலையில் பிளேட்டோடு சத்தமாகக் குறள் சொல்லச் சொல்லுங்கள். முதலில் ச, ழ, ள எல்லாம் சறுக்கும், நாக்கு பழகிவிடும். போட்டி மேடைக்கு மட்டும் கழற்றலாம், இறங்கியதும் போட்டுவிட வேண்டும். கழற்றினால் பெட்டியில்தான் வைக்க வேண்டும், டிஷ்யூவில் சுற்றி வைத்தால் கேண்டின் குப்பையோடு போய்விடும். சாயங்காலம் திரும்பப் போடும்போது இறுக்கமாக இருக்கிறது, வலிக்கிறது என்றால் பகல் முழுக்கப் போடவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். பல் டாக்டர்களான எங்களுக்கும் தெரிந்துவிடும். மாதம் முழுக்கப் போட்ட பிளேட்டில் பல் தடம் பதிந்து பளபளப்பு மங்கியிருக்கும். அவனுடையது புதுசு மாதிரியே வந்தால், திட்டாமல் அவனைத் தனியாக உட்காரவைத்து, வகுப்பில் யார் கேலி செய்கிறார்கள் என்று கேளுங்கள்.