கதவைத் திறக்கிற பாட்டு

அன்புள்ள ஐயா,

என் மகள் டர்பனில் படிக்கிறாள். தோழிகளோடு சேர்ந்து ஓர் ஆல்பம் தயாரித்திருக்கிறாள். பழைய தேவதைக் கதைகளைப் பாட்டுக்கு ஒன்றாக மாற்றிச் சொல்கிறார்கள். சிண்ட்ரெல்லா இளவரசனை வேண்டாம் என்கிறாள், சிவப்புத் தொப்பிச் சிறுமி ஓநாயோடு சிநேகமாகிறாள், இப்படி ஒன்பது ஆங்கிலப் பாட்டு. பத்தாவது தமிழில், நல்லதங்காள். அவள் கிணற்றடியில் நின்று பாடுகிறாள், ஆனால் குதிக்கமாட்டாள். முடிவை இப்படி மாற்றுவது சரியா? நம் பிள்ளைகளுக்குத் தமிழே போய்விட்டதே என்ற கவலையும் இருக்கிறது. பாட்டுகளை இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த்

அன்புள்ள தங்கைக்கு,

கவலையை முதலில் ஓரமாக வைத்துவிடலாம். மகள் தானாகவே நல்லதங்காளிடம் போயிருக்கிறாள். நீங்களோ தமிழ் போச்சு என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். அந்தக் கதையை அவளுக்கு ஒரு தடவையாவது முழுதாக உட்கார்ந்து சொன்னீர்களா? சொல்லவில்லை என்றால் இன்று ராத்திரி சொல்லுங்கள். புலம்பலை அப்புறம் பார்த்துக்கொள்வோம்.

முடிவை மாற்றலாமா? தாராளமாக. 1697-இல் பிரெஞ்சுக்காரர் பெரோ அச்சிட்ட சிவப்புத் தொப்பிக் கதையில் ஓநாய் சிறுமியைத் தின்பதோடு சரி. வேட்டைக்காரன் வந்து வயிற்றைக் கிழித்து மீட்பது 1812-இல் ஜெர்மனியின் கிரிம் சகோதரர்களுடைய தொகுப்பில் வருவது. அதே சகோதரர்கள் முதல் பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொன்னவள் பெற்ற தாய் என்று போட்டார்கள், 1819 பதிப்பில் அவளை மாற்றாந்தாய் ஆக்கினார்கள். நல்லதங்காளுக்கும் சிவனும் பார்வதியும் வந்து எல்லோரையும் எழுப்பிவிடுகிற முடிவு உண்டு. யாரோ ஒருவருக்கு மனசு கேட்கவில்லை. உங்கள் மகளுக்கும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

என் சண்டை வேறு. பாட்டுகளைக் கேட்டேன். மகளுக்கு நல்ல குரல், கேட்டுக்கொண்டே இருக்கலாம். ஆனால் ஒன்பது பாட்டிலும் பெண்கள் தங்கள் மனசில் இருப்பதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். பாடி முடிக்கும்போது கதையில் ஒரு துரும்புகூட நகரவில்லை. கதைக்குள் வருகிற பாட்டு ஒரு காரியம் செய்தாக வேண்டும்.

கிரிம் தொகுப்பிலேயே ஜூனிப்பர் மரத்துக் கதை இருக்கிறது. மாற்றாந்தாய் கொன்ற பையன் பறவையாகிப் பாடுகிறான்: அம்மா என்னைக் கொன்றாள், அப்பா என்னைத் தின்றார். கேட்டவர்கள் இன்னொரு தடவை பாடு என்கிறார்கள். சும்மா பாடமாட்டேன் என்கிறது பறவை. தட்டான் தங்கச் சங்கிலி கொடுக்கிறான், செருப்புத் தைக்கிறவன் சிவப்புக் காலணி கொடுக்கிறான், மாவரைக்கிறவர்கள் எந்திரக்கல்லையே தூக்கிக் கொடுக்கிறார்கள். கடைசியில் அந்தக் கல்தான் மாற்றாந்தாய் தலையில் விழுகிறது. பாடிச் சம்பாதித்த கல்!

நம் தென்னாப்பிரிக்காவுக்கே வாருங்கள். ஜார்ஜ் தீல் என்பவர் 1882-இல் அச்சிட்ட, கோசா இன மக்களின் கதைகளில் தெமானே, தெமாசானா என்று அனாதை அண்ணன் தங்கை வருகிறார்கள். குகையில் குடியிருப்பு. அண்ணன் வேட்டையிலிருந்து திரும்பினால் வாசலில் நின்று, என் அம்மா பெற்ற பிள்ளையே, குகையைத் திற என்று பாடுவான். மனுஷனைத் தின்கிற ஒருவன் வந்து அதையே பாடிப் பார்க்கிறான். இது அண்ணன் குரல் இல்லை என்று அவள் திறக்கவில்லை. அவன் போய்ப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் தொண்டையைச் சுட்டுக்கொண்டு வந்து பாடுகிறான். கதவு திறக்கிறது. ஏழு ஆட்டுக்குட்டிகளின் கதையில் ஓநாய் சுண்ணாம்புக்கட்டியைத் தின்று குரலை மென்மையாக்கிக்கொண்டு வருமே, அதே வித்தை. ஜெர்மனியில் சுண்ணாம்புக்கட்டி, இங்கே இரும்பு. எனக்கு இரும்புதான் பிடித்திருக்கிறது.

நான் டொங்காட் பக்கம் கரும்பு எஸ்டேட் பராக்ஸில் வளர்ந்தவன். ஆயா, என் பாட்டிதான், நல்லதங்காள் கதையைச் சாதாரணப் பேச்சில்தான் சொல்லும், பருப்பு புடைத்துக்கொண்டே. பஞ்சம் வந்தது, ஏழு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள், அண்ணன் ஊரில் இல்லை, அண்ணன் பெண்டாட்டி மூளி அலங்காரி கதவைச் சாத்திவிட்டாள். அந்த இடத்தில் முறத்தைக் கீழே வைத்துவிட்டுப் பாட ஆரம்பிக்கும். தகரச் சுவரை விரல் முட்டியால் தட்டித் தட்டிப் பாடும். அடுத்த அறைக்காரர் "யாரது?" என்று சத்தம் போடுவார், ஆயா நிறுத்தாது. நல்லதங்காள் தன் பத்தினித்தனத்தைச் சொல்லிப் பாட, சாத்திய கதவு தானே திறந்துகொள்ளும். ஆயா சொன்ன கதை அப்படி. கிணற்றடியில் ஆயா பாடியதே இல்லை, வேகமாகச் சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொள்ளும்.

கூத்திலும் அதுதானே? நம் ஊரில் சிக்ஸ் ஃபூட் டான்ஸ் என்பார்களே, அதைச் சொல்கிறேன். வேஷக்காரன் திரைக்குப் பின்னால் நின்று பாடினால்தான் சபைக்கு வரமுடியும்.

உங்கள் மகளோ கதவை விட்டுவிட்டுக் கிணற்றைப் பிடித்திருக்கிறாள். குதிக்கிறாளா இல்லையா என்பதற்கு ஏன் இவ்வளவு யோசனை? ஓநாய்க் கதையில் ஏழு குட்டிகள் கதவுக்கு உள்ளே, இங்கே ஏழு பிள்ளைகள் வெளியே. இரண்டையும் அடுத்தடுத்து வைக்கச் சொல்லுங்கள். சிநேகிதம் செய்துகொள்கிற அந்த ஓநாயை எடுத்துவிடலாம், அதற்குப் பல்லே இல்லை.

ஆயாவின் மெட்டு எனக்கு இன்னும் வரும். சனிக்கிழமை காலையில் கூப்பிடச் சொல்லுங்கள், பாடிக் காட்டுகிறேன், பதிவு செய்துகொள்ளட்டும். மூன்றாவது பாட்டில் டிரம்ஸ் சத்தத்தில் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதையும் சொல்லிவிடுங்கள்.