வாசகர் கேள்வி: லக்ராஸ் கோல்கீப்பர் பதில்கள்

(லக்ராஸ்: நுனியில் வலை கட்டிய ஸ்டிக்கால் பந்தைப் பிடித்து எறிந்து கோல் போடும் ஆட்டம். பதில் தருபவர் அமெரிக்கக் கல்லூரி அணியில் கோல்கீப்பராக ஆடியவர், இப்போது கீப்பர்களுக்குப் பயிற்சி தருகிறார்.)

என் மகன் கல்லூரி லக்ராஸ் அணியில் கோல்கீப்பர். எப்போது பார்த்தாலும் தொடை கன்றிப்போய் இருக்கிறது. காலுக்கு ஏன் எதுவும் கட்டுவதில்லை? பயமாக இருக்கிறது.
— ஒரு அம்மா

பயம் நியாயம்தான் அம்மா. பந்து கெட்டி ரப்பர், 140 கிராமுக்கு மேல் எடை. நல்ல ஆட்டக்காரர் அடித்தால் மணிக்கு 150 கிலோமீட்டரை ஒட்டி வரும். காலில் காப்பு கட்டினால் முதல் எட்டு எடுத்து வைப்பது தாமதமாகும் என்பது ஆண்கள் அணிக் கீப்பர்களின் பிடிவாதம். நானும் கட்டியதில்லை. பயிற்சியிலாவது கட்டச் சொல்லிப் பாருங்கள், கேட்கமாட்டான்.

ஆனால் தொடைக் காயம் ஆறிவிடும். நான் கவலைப்படுவது நெஞ்சைப் பற்றி. துடிப்பின் ஒரு குறிப்பிட்ட கணத்தில் பந்து இதயத்துக்கு நேராகப் பட்டால், எலும்பு எதுவும் முறியாமலே இதயத்துடிப்பு குலைந்து ஆள் சரிந்துவிடலாம். அதற்காகத்தான் 'என்டி200' என்ற தரம் வந்தது. 2021 முதல் கல்லூரிக் கீப்பர்களின் மார்புக் கவசம் அந்தத் தரத்தில் இருந்தாக வேண்டும். சீனியர் கொடுத்த பழைய கவசத்தை மாட்டிக்கொண்டு பயிற்சிக்குப் போகிறானா என்று இன்றே கேளுங்கள். மைதான ஓரத்தில் இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் ஏஇடி கருவி இருக்கிறதா என்றும் விசாரியுங்கள்.

மேலே அடிப்பதுபோல் காட்டிக் கீழே அடிக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் ஏமாறுகிறேன்.
— இரண்டாம் ஆண்டு மாணவர்

நீங்கள் அவர் தோளைப் பார்க்கிறீர்கள். ஏமாற்றுவதே தோளும் கண்ணும்தான். ஸ்டிக்கின் வலைக்குள் இருக்கும் பந்தை மட்டும் பாருங்கள். அது வலையை விட்டுக் கிளம்பும்வரை அசையக் கூடாது. கிளம்பியதும் மேல்கை, அதாவது ஸ்டிக்கில் வலைக்குப் பக்கத்தில் பிடித்திருக்கும் கை, முதலில் போகட்டும்; கூடவே பந்தை நோக்கிக் குறுக்காக ஓர் எட்டு முன்னே. பின்னால் சாய்ந்தால் தொலைந்தோம்.

கீழே வரும் பந்துக்கு முட்டி போட்டு உட்காராதீர்கள். ஸ்டிக்கின் தலை தரைக்குப் போகட்டும், உடம்பு அதன் பின்னால் வரும். வலக்கைக்காரர் என்றால் உங்களுக்கு ஆகாத இடம் இடது இடுப்பாகத்தான் இருக்கும். ஸ்டிக்கை முழுக்கச் சுழற்றிக் கொண்டுபோக வேண்டிய இடம் அது. டென்னிஸ் பந்தை அங்கேயே அடிக்கச் சொல்லி, மேல்கையால் மட்டும் பிடித்துப் பழகுங்கள். வலிக்காது என்று தெரிந்தால் கண் தானாகச் சிமிட்டாது.

ஒரே ஆட்டத்தில் 11 கோல் விட்டேன். கீப்பராக நீடிக்கலாமா?
— பெயர் வேண்டாம் என்றவர்

எத்தனை தடுத்தீர்கள் என்று எழுதவில்லையே! ஆறடிக்கு ஆறடி வாசல் அது. பாதிக்கு மேல் தடுத்தால் மரியாதையான கணக்கு. 2023 அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் தேசிய இறுதிப் போட்டியில் டியூக் பல்கலைக்கழக அணி 9 கோல் போட்டது; ஆனாலும் 18 பந்துகளைத் தடுத்த எதிரணி நோட்ரடாம் பல்கலைக்கழகக் கீப்பர் லியம் என்டன்மன்தான் தொடரின் சிறந்த ஆட்டக்காரர்.

பந்தைத் தடுத்த பிறகு என்ன செய்வதென்று திணறுகிறேன்.
— முதலாண்டு கீப்பர்

ஆண்கள் ஆட்டத்தில், கோல் வாசலைச் சுற்றிப் போட்ட வட்டத்துக்குள் பந்தை வைத்திருக்க உங்களுக்கு 4 விநாடி உண்டு. அதுவரை எதிரணி உங்கள் ஸ்டிக்கைத் தட்டக் கூடாது. 'கிளியர்!' என்று தொண்டை கிழியக் கத்துங்கள்; பந்து நம்மிடம், எதிர்ப்பக்கம் கொண்டுபோவோம் என்று நம் ஆட்களுக்குச் சொல்வது அது. அப்புறம், ஷாட் அடித்தவரைக் காவல் காத்த நம் ஆளை முதலில் தேடுங்கள். அடித்தவர் இன்னும் நிலைக்கு வந்திருக்கமாட்டார் என்பதால் நம் ஆள் பெரும்பாலும் தனியாக ஓடிக்கொண்டிருப்பார். யாரும் கிடைக்கவில்லையா, நீங்களே ஓடுங்கள். வட்டத்தை விட்டு வந்தபின் பந்தோடு திரும்பி உள்ளே போகக் கூடாது.