காற்றுக்கு ஒரு ஜெர்கின்: கேள்வி பதில்

மார்கழி நெருங்குகிறது. விடியற்காலை நாலரைக்குச் சைக்கிளை எடுக்கிற நம் குழு ஆட்கள் ஒரே வாரத்தில் ஒரே விஷயத்தைக் கேட்டுவிட்டார்கள்: மடித்து முதுகுப் பாக்கெட்டில் வைக்கிற மாதிரி, காற்று புகாத, எடை இல்லாத ஜெர்கின் எது? ஓசூரில் ஏற்றுமதி ஆடை தைக்கும் ஆலையில் பல வருடம் துணி பரிசோதித்தவன் நான். துணியைப் பற்றிக் கேட்டால் பேச்சு நீளும். கியர் ஏன் மாறவில்லை, எந்தச் சைக்கிள் நல்லது என்பதெல்லாம் மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு தம்பி: அண்ணா, நம்ம ஊர் வெயிலுக்கு ஜெர்கின் எதற்கு? வீண் செலவுதானே?

ஏறும்போது வீண் செலவுதான். மிதிக்கிற உழைப்பில் கால் பங்குக்கும் குறைவாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது, மிச்சமெல்லாம் சூடு. நீ பெடலில் 150 வாட் கொடுத்தால் உடம்புக்குள் 450 வாட்டுக்கு மேல் அடுப்பு எரிகிறது. மேட்டின் உச்சியில் பனியன் பிழிகிற அளவுக்கு நனைந்திருக்கும். அங்கே திரும்பி இறக்கத்தில் விட்டால் மிதிப்பது நிற்கிறது, அடுப்பும் அணைகிறது. எதிர்காற்றோ மணிக்கு 40, 50 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஈரத்தின் மேல் வீசுகிறது. ஈரம் ஆவியாகும்போது உடம்புச் சூட்டை வாங்கிக்கொண்டுதான் போகும். பானைத் தண்ணீர் எப்படிக் குளிர்கிறதோ அதே கதை. பானை நீதான்.

உயரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள். 1000 மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும். ஏற்காடு சேலத்தைவிட 1200 மீட்டருக்கு மேல் உயரம், ஆக எட்டு டிகிரி வித்தியாசம். ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டர், கிருஷ்ணகிரி 500 சொச்சம். சூளகிரி தாண்டி மேலுமலை இறக்கத்தில் விடியலில் வந்தவனுக்குப் பல் தந்தியடிப்பது தெரியும். அந்த இருபது நிமிடத்துக்குத்தான் ஜெர்கின். மற்ற நேரமெல்லாம் அது முதுகில் மடிந்து கிடக்கும். அதனால் போட்டால் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன், மடித்தால் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். ஒரு மல்கோவா மாம்பழத்தைவிடப் பெரிதாக இருந்தால் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

பாலக்கோட்டிலிருந்து ஒரு சகோதரி: மழை தாங்குமா?

தாங்காது. தூறலில் பத்து நிமிடம் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும். அதற்கப்புறம் நனைந்துவிடும்.

ஓசூர், மென்பொருள் வேலையில் இருப்பவர்: சார், 7 டெனியர், 10 டெனியர், 20 டெனியர் என்று போடுகிறார்கள். எது எடுக்கலாம்? சி.எஃப்.எம் என்றால் என்ன?

நல்ல கேள்வி, உட்கார்ந்து படியுங்கள். 9000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை என்பதுதான் டெனியர். 10 டெனியர் என்றால் ஒன்பது கிலோமீட்டர் நூலுக்குப் பத்து கிராம். நூல் மெல்லியதாக ஆக எடை குறையும், கிழிசல் கூடும். 7 டெனியர் கையில் எடுத்தால் வெங்காயச் சருகு மாதிரி இருக்கும். நம் பக்கம் சாலையோரம் வேலிக்காத்தான் நீட்டிக்கொண்டு நிற்கிறது, ஒரு கீறல் போதும். நான் 15லிருந்து 20 வரை போதும் என்பேன். துணியில் சின்னச் சின்னக் கட்டம் தெரிந்தால் அது ரிப்ஸ்டாப்: சில மில்லிமீட்டருக்கு ஒரு தடித்த நூல் ஓடும், கிழிசல் அந்த வரப்பில் வந்து நிற்கும். கட்டம் இல்லாத மெல்லிய நைலானில் ஓட்டை விழுந்தால் கைக்கு வந்துவிடும்.

சி.எஃப்.எம் என்பது, ஒரு குறிப்பிட்ட அழுத்தத்தில் ஒரு சதுர அடி துணி வழியாக நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று போகிறது என்ற கணக்கு. ஆலையில் இதற்கென்றே ஒரு கருவி இருந்தது. துணியை இறுக்கிப் பிடித்து உறிஞ்சும், முள் ஏறும். பூஜ்யம் என்றால் காற்று சுத்தமாகப் போகாது. பெரும்பாலும் உள்ளே பூச்சோ படலமோ இருக்கும். கேட்க நன்றாக இருக்கிறது, போட்டு மிதித்தால் இட்லிக் கொப்பரைதான். ஐந்தை ஒட்டி இருந்தால் காற்றின் கடி தெரியாது, வியர்வை ஆவியும் கொஞ்சம் வெளியேறும். இருபது முப்பது ஆகிவிட்டால் மேலுமலையில் நெஞ்சு சில்லிடும். சைக்கிளுக்கு ஐந்தை ஒட்டியதுதான் என் கட்சி.

கடையில் யாரும் இந்த எண்ணைச் சொல்லமாட்டார்கள். துணியை வாயில் வைத்து இறுக்கி ஊதுங்கள். புறங்கையை மறுபக்கம் வையுங்கள். காற்று தாராளமாக வந்தால் வேண்டாம். மூச்சு முட்டி நின்றால் அது படலம் போட்டது. சிரமப்பட்டு இழை இழையாக வந்தால் அதுதான் நமக்கு. துணியின் ஒரு பக்கம் மட்டும் லேசாகப் பளபளக்கிறதா என்றும் பாருங்கள். சூடான உருளைகளுக்கு நடுவே விட்டு நூலைத் தட்டையாக்கி இடைவெளியை அடைத்த அடையாளம் அது.

தர்மபுரி: பைக் ஓட்டவும் இதையே போடலாமா?

கூடாது. பைக்கில் விழுந்தால் தார்ச்சாலையில் உரசித் தாங்கும் தடித்த துணி வேண்டும். இது உரசினால் உருகி ஒட்டிக்கொள்ளும்.

பர்கூர்: அண்ணா, அளவு எப்படிப் பார்ப்பது? தளர்வாக இருந்தால்தானே வசதி?

தளர்வாக எடுத்தால் பாய்மரம். படபடவென்று அடித்து காது செவிடாகும், வேகமும் போகும். கடைக்கண்ணாடி முன் நேராக நின்று பார்க்காதீர்கள். குனிந்து, ஹேண்டிலைப் பிடிக்கிற மாதிரி இரண்டு கையையும் முன்னால் நீட்டுங்கள். மணிக்கட்டு தெரியக்கூடாது, இடுப்பு தெரியக்கூடாது, நெஞ்சில் துணி மூட்டையாகக் குவியக்கூடாது. பின்பக்கம் முன்பக்கத்தைவிட நீளமாக இருக்க வேண்டும். தொப்பை உள்ளவர்கள் மூச்சை இழுத்துப் பிடித்து அளவு பார்க்காதீர்கள், வீட்டுக்குப் போனதும் அது வெளியே வந்துவிடும்.

முக்கியமான ஒன்று. ஓடுகிற சைக்கிளில் ஜெர்கின் மாட்டாதீர்கள். டிவியில் பந்தயக்காரர்கள் மாட்டுகிறார்கள் என்று நானும் ஒருநாள் மாட்டினேன். இடது கையை நுழைத்த நொடியில் காற்று புகுந்து மொத்தத் துணியும் விரிந்து முகத்தை மூடியது. ஒரு வினாடி உலகமே ஆரஞ்சு நிறம். அப்புறம் சரளைக்கல். இன்றும் வலது முழங்கையை மடக்கினால் ‘டக்’ என்கிறது. நின்று, காலை ஊன்றி, ஜிப்பைக் கழுத்து வரை இழுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஊத்தங்கரை: நல்ல மழையிலும் தாங்குகிற மாதிரி இதே எடையில் கிடைக்குமா அண்ணா?

மேலே பாலக்கோடு சகோதரிக்குச் சொன்னதுதான். மழைக்குத் தையலுக்கெல்லாம் உள்ளே டேப் ஒட்டின ரெயின் ஜாக்கெட் வேறு. அது வேறு எடை, வேறு விலை.

தேன்கனிக்கோட்டையிலிருந்து ஒரு பெரியவர்: தம்பி, நான் இளவயதில் சைக்கிளில் பேப்பர் போட்டவன். அஞ்செட்டி மலைப்பாதைக் குளிரில் நாலு தாள் எடுத்துச் சட்டைக்குள் நெஞ்சில் வைத்துக்கொள்வேன். ஜெர்கினும் இல்லை, சி.எஃப்.எம்மும் இல்லை. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

ஐயா, உங்களுக்கு என் வணக்கம். இது நம் ஊரோடு நிற்கிற வித்தை இல்லை. டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்திலும் மலை உச்சியில் வேடிக்கை பார்க்க நிற்பவர்கள் செய்தித்தாளை நீட்டுவார்கள், வீரர்கள் வாங்கி ஜெர்சிக்குள் செருகிக்கொண்டு இறங்குவார்கள். தாள் காற்றைத் தடுக்கும், தாளுக்கு நடுவே நிற்கிற காற்று சூட்டைப் பிடிக்கும். ஆனால் தோளும் கையும் திறந்துதானே கிடக்கின்றன?

அதே பெரியவர்: கை குளிர்ந்தால் என்ன, நெஞ்சு சூடாக இருந்தால் போதும்.

ஓசூர்: சார், தாள் நனைந்தால் கூழாகிவிடுமே?

பெரியவர்: பாலிதீன் பையை மேலே வைத்துக்கொள்.

பாலக்கோடு: பாலிதீன் வைத்தால் வியர்வை வெளியே போகாதே ஐயா?

காவேரிப்பட்டணம்: அண்ணா, அப்படியென்றால் நான் செலவே செய்ய வேண்டாமா?

இதில் மட்டும் முப்பது பதிவு ஓடிவிட்டது. வாயால் பேசி முடியாது என்று போன ஞாயிற்றுக்கிழமை வத்தல்மலைக்கு ஏறினேன். முதல் இறக்கம் நெஞ்சில் நாலு தாளோடு. ஐயா சொன்னது சரி: முதல் சில கொண்டை ஊசி வளைவு வரை நெஞ்சு கதகதவென்று இருந்தது. பாதி வழியில் தாள் வியர்வையைக் குடித்துத் தொளதொளத்து வயிற்றுக்குச் சரிந்துவிட்டது. கீழே வந்து எடுத்தபோது விளையாட்டுப் பக்கத்தின் மை பனியனில் தலைகீழாகப் பதிந்திருந்தது. தோள் சில்லிட்டதால் பிரேக் பிடித்த விரல்களும் மரத்துவிட்டன. எனக்குப் பயம் தந்தது அதுதான். மறுபடி ஏறி ஜெர்கினோடு இறங்கினேன். விரல் பிரேக்கில் நன்றாக வேலை செய்தது. ஆனால் வெயில் ஏறிவிட்டது என்று ஐயா ஆட்சேபிப்பார், அதுவும் நியாயமே.

என் தீர்ப்பு: ஜெர்கினை மறந்துவிட்டுப் போன நாளில் டீக்கடைத் தாள் உயிர் காக்கும். திட்டமிட்டுப் போகிற நாளில் ஜெர்கின். காசு குறைவு என்றால் கையில்லாத ஜெர்கின் வாங்கு தம்பி, விலையும் குறைவு, இடமும் குறைவு.

கிருஷ்ணகிரி, தையற்காரர்: சார், நானே தைத்துக்கொள்ள முடியுமா? குடைத்துணி கிடைக்கிறது.

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். தாராளமாக முடியும். குடைத்துணி வேண்டாம், அதில் தண்ணீர் புகாத பூச்சு இருக்கும், உள்ளே புழுங்கும். என் முதல் முயற்சி அதில்தான். பத்து நிமிடம் மிதித்துவிட்டுக் கழற்றி உதறினால் உள்ளேயிருந்து துளி தெறித்தது. பூச்சில்லாத நைலான் 20, 30 டெனியரில் தேடுங்கள், வாயால் ஊதிப் பாருங்கள். ஊசி மெல்லியது, 9 அல்லது 10ஆம் நம்பர். பாலியெஸ்டர் நூல். தையல் மூன்று மில்லிமீட்டர் நீளம் இருக்கட்டும். நெருக்கித் தைத்தால் துணியில் தபால்தலை ஓரம் மாதிரி ஓட்டை வரிசை விழுந்து அங்கேயே கிழியும். குண்டூசியைத் தையல் விளிம்புக்கு உள்ளேதான் குத்த வேண்டும், நடுவில் குத்தினால் அந்தத் துளை போகாது. வெட்டிய ஓரம் பிரிந்துகொண்டே வரும், மடித்து இரட்டைத் தையல் போடுங்கள். கையைத் தோளில் ஒட்டாமல் கழுத்திலிருந்தே சரித்து வெட்டினால் முன்னால் நீட்டும்போது இழுக்காது. ஜிப்புக்குப் பின்னால் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டி வையுங்கள், காற்று முதலில் நுழைவதே ஜிப் வழியாகத்தான். முதலில் பழைய வேட்டியில் ஒன்று வெட்டிப் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் நைலானைத் தொடுங்கள். தைத்து முடித்ததும் எனக்கு ஒரு படம் அனுப்ப வேண்டும்.

தர்மபுரி, முதல் முறை 300 கிலோமீட்டர் பிரெவே (நேரக் கெடு வைத்த நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டம்) போகிறவர்: இரவு முழுக்க ஓட்டம். என்ன நிறம் எடுக்கட்டும்?

பளிச்சென்ற எலுமிச்சை மஞ்சள் பகலில்தான் பளிச்சிடும். அது சூரிய ஒளியில் உள்ள புற ஊதாவை வாங்கித் திருப்பித் தருகிற சாயம், இரவில் அதற்கு வேலையில்லை. இரவில் வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்புகிற ரிஃப்ளெக்டர் பட்டைதான். உங்கள் ஓட்டத்துக்குக் கெடு 20 மணி நேரம், இரவில் ரிஃப்ளெக்டிவ் மேலங்கி கட்டாயம். ஜெர்கினை அதற்கு மேல் போட்டு மறைத்துவிடாதீர்கள், உள்ளே போடுங்கள். கணுக்காலிலும் ஒரு பட்டை கட்டுங்கள். ஏறி இறங்குகிற வெளிச்சத்தைப் பார்த்தால் லாரிக்காரருக்கு ‘இது சைக்கிள்’ என்று உடனே புரியும். தொப்பூர் கணவாயை மட்டும் இருட்டில் வைத்துக்கொள்ளாமல் திட்டம் போடுங்கள். இன்னொன்று, ஓடுகிற சைக்கிளில் மாட்டக் கூடாது.

பென்னாகரம்: எப்படித் துவைப்பது?

கையால், கொஞ்சம் சோப்பு, நிறையத் தண்ணீர், நிழலில் உலர்த்தல். வெயில் நைலானை மக்கவைக்கும். மணக்கிற கண்டிஷனர் திரவம் ஊற்றினால் தண்ணீரை உருட்டுகிற பூச்சு செத்தது. அதை மட்டும் செய்யாதீர்கள்.

சூளகிரி: காற்று பட்டு சளி பிடிக்காமல் இருக்குமா? எனக்கு வீசிங் உண்டு.

சளி கிருமியால் வருவது. வீசிங் உள்ளவர்களுக்குக் குளிர்காற்று மூச்சுக்குழாயைச் சுருக்கலாம், அதற்கு மூக்கையும் வாயையும் மூட வேண்டும், நெஞ்சையல்ல. டாக்டரிடம் கேளுங்கள், துணிக்காரனிடம் கேட்காதீர்கள்.

மத்தூர்: பாக்கெட்டில் வைத்தால் முதுகு வியர்வையில் ஈரமாகிவிடுகிறதே?

ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் போட்டு வையுங்கள்.

காரிமங்கலம்: மழைக்கும் சேர்த்து ஒன்றாகவே...

இல்லை.

தேன்கனிக்கோட்டைப் பெரியவர்: தம்பி, கடைசியாக ஒன்று. ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் வழவழப்பான தாள் வருகிறதே, அது நனையாதில்லையா? அதை வைத்து இறங்கிப் பார்த்தீர்களா?

பார்க்கவில்லை ஐயா. அது வியர்வையை உறிஞ்சாது, வழுக்கி இறங்கிவிடும் என்று நினைக்கிறேன். வரும் ஞாயிறு ஐந்து மணிக்கு வத்தல்மலை அடிவாரத்தில் இருப்பேன். தாளை நீங்கள் கொண்டுவாருங்கள், டீ என் கணக்கு.